சுளுக்கும் தசைக் காயமும்: எப்போது ஐஸ், எப்போது வெந்நீர்

காயம் பட்ட இடத்தின் மீது புறங்கையை மெதுவாக வைத்துப் பாருங்கள். பிறகு அதே இடத்தை மறுகாலிலோ மறுகையிலோ தொட்டுப் பாருங்கள். அடிபட்ட பக்கம் சூடாகவும் உப்பலாகவும், தோல் இழுத்துக் கட்டினாற்போல் பளபளப்பாகவும் இருந்தால், உள்ளே வீக்கம் இன்னும் அடங்கவில்லை. அந்த இடத்துக்குக் குளிர்ச்சிதான் பொருந்தும். இரண்டு பக்கமும் ஒரே வெப்பத்தில் இருந்து, வீக்கம் வற்றி, அசைக்கும்போது மட்டும் இறுக்கமும் வலியும் தெரிந்தால் சூடு கொடுக்கலாம். முதல் இரண்டு மூன்று நாள்கள் ஐஸ், அதன் பிறகு வெந்நீர் என்று நாள்கணக்கில் விடை சொல்வது வழக்கம். அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்றாலும், சிலருக்கு வீக்கம் ஒரே நாளில் வற்றிவிடும், சிலருக்கு ஒரு வாரம் நிற்கும். ஆகவே நாட்காட்டியைப் பார்ப்பதற்கு முன் கையால் தொட்டுப் பார்த்து முடிவெடுக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

ஒத்தடத்திடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஐஸும் வெந்நீரும் கிழிந்த இழைகளை ஒட்ட வைப்பதில்லை. அந்த வேலையை உடல் தன் போக்கில், வாரக்கணக்கில் செய்துகொள்கிறது. வலியைக் குறைத்து, நீங்கள் தூங்கவும், மூட்டை மெல்ல அசைக்கவும், பயமின்றிக் காலை ஊன்றவும் ஒத்தடம் வழிவிடுகிறது. அதுவே பெரிய உதவிதான். அதற்கு மேல் எதிர்பார்த்து, மணிக்கணக்கில் ஒத்தடம் வைத்துத் தோலைப் புண்ணாக்கிக்கொள்பவர்கள் உண்டு என்பதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காயத்துக்குள் நடப்பது

மூட்டில் எலும்பையும் எலும்பையும் கட்டிப் பிடித்திருக்கும் நாரில், அதாவது ஜவ்வில், ஏற்படும் காயமே சுளுக்கு. பாதம் உள்பக்கமாகத் திரும்பி மடங்கும்போது, வெளிக்கணுவை ஒட்டிய ஜவ்வு அளவுக்கு மீறி இழுபடுவதுதான் கணுக்கால் சுளுக்கில் மிக அதிகமாகக் காணப்படுவது. தசைக் காயம் என்பது தசையிலோ, தசையை எலும்போடு இணைக்கும் நாணிலோ ஏற்படுவது; ஓடும்போது வேகமெடுக்கையில் பின்தொடையிலும், திடீரென்று எம்பும்போது கெண்டைக்காலிலும், பாரம் தூக்கும்போது இடுப்பிலும் வரும். இரண்டையும் மருத்துவர்கள் மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் சில இழைகள் மட்டும் இழுபட்டிருக்கும். பெரும்பாலும் 1 முதல் 3 வாரங்களில் சரியாகிவிடும். இரண்டாம் நிலையில் ஒரு பகுதி கிழிந்து, வீக்கமும் ரத்தக்கட்டும் தெளிவாகத் தெரியும். மூன்றாம் நிலை முழுக் கிழிசல். அதற்கு வீட்டு ஒத்தடம் மட்டும் போதாது.

அடிபட்ட சில நிமிடங்களிலேயே நுண்ணிய ரத்தக்குழாய்களிலிருந்து ரத்தமும் நீரும் சுற்றியுள்ள திசுவுக்குள் கசியத் தொடங்கும். அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடும். சேதமான இழைகளை அப்புறப்படுத்த வெள்ளணுக்கள் வந்து சேரும். நாம் காணும் சூடு, சிவப்பு, வீக்கம், வலி எல்லாம் இதன் விளைவுகளே. குளிர்ச்சி பட்டால் ரத்தக்குழாய்கள் சுருங்கும். நரம்பு வழியே வலி உணர்வு செல்லும் வேகம் குறையும். சூடு பட்டால் ரத்தக்குழாய்கள் விரியும், நார்கள் சற்று இளகும், இறுகிய தசை தளரும். கசிவு நிற்காத இடத்தில் ரத்த ஓட்டத்தை மேலும் கூட்டினால் வீக்கம் அதிகமாகும் என்பதால்தான் தொடக்கத்தில் சூடு கூடாது என்கிறார்கள்.

ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் ஆகிய நான்கையும் சேர்த்து, அவற்றின் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆன ‘ரைஸ்’ என்ற பெயரில் 1978ஆம் ஆண்டு பரவச் செய்தவர் அமெரிக்க விளையாட்டு மருத்துவர் கேப் மிர்க்கின். முழு ஓய்வும் நீண்ட நேர ஐஸும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014ஆம் ஆண்டு அவரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். வீக்கத்தோடு வரும் அழற்சி, காயம் ஆறுவதன் முதல் கட்டம். அதை முற்றாக அடக்கிவிடுவது உடலின் வேலையைத் தடுப்பதாகும் என்பதே இதன் பின்னுள்ள காரணம். இதைக் கேட்டுவிட்டு ஐஸே கூடாது என்ற முடிவுக்குப் போவதும் சரியில்லை என்பது என் கருத்து. வலி தாங்க முடியாத முதல் ஓரிரு நாள்களில், குறைந்த நேரம், வலி நிவாரணியாக மட்டும் பயன்படுத்தினால் ஐஸ் மலிவானது, பாதுகாப்பானது, பயன் தருவது. வலி தாங்கும் அளவுக்குக் குறைந்துவிட்டால், வழக்கமாகிவிட்டது என்பதற்காக அதைத் தொடர வேண்டியதில்லை.

ஐஸ் எடுப்பதற்கு முன்

எலும்பு முறிந்திருக்கக்கூடும் என்ற சந்தேகம் இருந்தால் ஒத்தடம் இரண்டாவது வேலை. கணுக்காலைப் பொறுத்தவரை, கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1990களின் தொடக்கத்தில் வகுத்த எளிய விதிகள் இன்றும் உலகெங்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படுகின்றன. கணுக்காலின் இரு பக்கமும் துருத்தியிருக்கும் எலும்பின் முனையிலோ, அதன் பின்விளிம்பில் மேல்நோக்கி 6 சென்டிமீட்டர் தூரத்துக்குள்ளோ விரலால் அழுத்தினால் வலி வருகிறதா என்று பாருங்கள். பாதத்தின் வெளிவிளிம்பில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே ஒரு எலும்பு புடைத்திருக்கும். அங்கேயும், பாதத்தின் உள்பக்க வளைவுக்கு மேலே இருக்கும் எலும்பிலும் அழுத்திப் பாருங்கள். எலும்பின் மீதே வலி இருந்தாலோ, அடிபட்ட உடனேயும் பிறகும் நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நொண்டிக்கொண்டு நடந்தாலும் அது நடை என்றே கணக்கு. எலும்பைச் சுற்றிய மென்மையான பகுதியில் மட்டும் வலி, நான்கு அடி வைக்க முடிகிறது என்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இந்த விதிகள் பெரியவர்களுக்காக வகுக்கப்பட்டவை. சிறு குழந்தைக்கு அடிபட்டிருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுவதே நல்லது.

வேறு சில அறிகுறிகளுக்கும் வீட்டில் நேரம் கடத்தக் கூடாது. மூட்டு கோணலாகத் தெரிவது, விரல்கள் மரத்தோ வெளிறியோ சில்லிட்டோ போவது, காயத்தின்போது ‘டப்’ என்ற சத்தத்தோடு வலு போய்விட்டது போன்ற உணர்வு, குதிகாலுக்கு மேலே யாரோ உதைத்தாற்போன்ற திடீர் வலி ஆகியவை அவற்றில் முக்கியமானவை. கெண்டைக்காலோ முன்கையோ கல்போல் இறுகி, காயத்துக்குப் பொருந்தாத அளவுக்கு வலி ஏறிக்கொண்டே போனால், தசைக்கூட்டுக்குள் அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் தடைபடுவதாக இருக்கலாம். அது அவசர நிலை. அப்போது ஐஸும் கட்டும் நிலைமையை மோசமாக்கும்.

ஐஸ் ஒத்தடம் கொடுக்கும் முறை

உருகிக்கொண்டிருக்கும் ஐஸ்தான் ஒத்தடத்துக்கு மிகவும் உகந்தது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல் பை சுமார் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருக்கும். தோலை உறைய வைக்க அது போதும். தண்ணீர் கலந்த ஐஸோ, கடைசித் துண்டு கரையும் வரை 0 டிகிரியிலேயே நிற்கும். ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு ஏறத்தாழ 80 கலோரி வெப்பத்தை உறிஞ்சுவதால், அவ்வளவு ஆபத்தில்லாத குளிர்ச்சியிலேயே அது காயத்திலிருந்து நிறைய வெப்பத்தை எடுத்துவிடும்.

ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டிகளைப் பாதி வரை போட்டு, அவற்றை நொறுக்கி, ஒரு குவளைத் தண்ணீர் சேர்த்து, உள்ளே இருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு வாயை இறுக்கமாகக் கட்டுங்கள். காற்று நிறைந்த பை கணுக்காலின் மேட்டிலும் பள்ளத்திலும் படியாது. காற்றை எடுத்துவிட்ட பை ஈரத்துணி போல வளைந்து எல்லாப் பக்கமும் ஒட்டிக்கொள்ளும். உறைய வைத்த பட்டாணிப் பொட்டலமும் இப்படி நன்றாக வளைந்து கொடுக்கும். ஒருமுறை அப்படிப் பயன்படுத்திய பொட்டலத்தை மீண்டும் உறைய வைத்துச் சமைக்காமல், ஒத்தடத்துக்கென்றே ஒதுக்கி, மேலே எழுதி வைத்துவிடுங்கள். ஜெல் பைதான் கையில் இருக்கிறது என்றால், ஃப்ரீசரிலிருந்து எடுத்துச் சில நிமிடங்கள் வெளியே வைத்துவிட்டு, வழக்கத்தைவிடத் தடிமனான துணியில் சுற்றுங்கள். அதன் உறை கிழிந்து ஜெல் கசிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். சில வகை ஜெல்கள் வயிற்றுக்குள் போனால் நஞ்சாகும் என்பதால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் கவனம் தேவை.

மெல்லிய துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து, அதைக் காயத்தின் மீது விரித்து, அதன் மேல் பையை வையுங்கள். ஐஸை வெறும் தோலில் வைக்கவே கூடாது. விரல், மணிக்கட்டு, கணுக்கால் போன்ற சதைப்பிடிப்பு குறைந்த இடங்களுக்கு 10 நிமிடம் போதும். தொடை, இடுப்பு போன்ற சதைப்பற்றுள்ள இடங்களில் கொழுப்பைத் தாண்டிக் குளிர்ச்சி இறங்க நேரம் எடுப்பதால் 20 நிமிடம் வரை வைக்கலாம். 20 நிமிடத்தைத் தாண்டுவதால் கூடுதல் பயன் எதுவும் இல்லை. கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் வைத்தபடி தூங்கிப்போவது, ஒத்தடத்தால் தோல் உறைந்து பனிப்புண் வருவதற்கு ஒரு வழக்கமான காரணம்.

வைத்தவுடன் சில்லென்று இருக்கும். சிறிது நேரத்தில் எரிச்சலும், அதன் பின் ஆழமான கடுகடுப்பும் தோன்றி, கடைசியில் அந்த இடம் மரத்துப்போகும். மரத்துப்போனதும் பையை எடுத்துவிடலாம். அலாரம் அடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 5 நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கித் தோலைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பு. வெள்ளையாகவோ மெழுகு போலவோ மாறினாலோ, கொப்புளமோ தடிப்போ தெரிந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். முழங்காலின் வெளிப்பக்கம் சற்றுக் கீழேயும், முழங்கையின் உள்பக்க மேட்டிலும் முக்கியமான நரம்புகள் தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன. அங்கே ஐஸை அழுத்திக் கட்டி வைத்தால் நரம்பு பாதிக்கப்பட்டுப் பாதத்தையோ விரல்களையோ அசைக்க முடியாமல் போகலாம். அந்த இடங்களில் துணியை இரண்டாக மடித்து வைத்து, நேரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஒத்தடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 2 மணி நேரம் விடுங்கள். தோல் தன் வெப்பத்துக்குத் திரும்பிவிட்டதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். மரத்துப்போன மூட்டோடு உடனே ஆடப் போகக் கூடாது. வலி தெரியாது, மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற உணர்வும் மங்கியிருக்கும், அப்போது கால் மறுபடி மடங்குவது எளிது.

இடையிடையே கட்டும் உயர்த்தலும் வீக்கத்தைக் குறைப்பதில் ஐஸை விடப் பெரிய பங்கு வகிக்கக்கூடும். க்ரேப் பேண்டேஜைக் கால்விரல்களுக்குச் சற்று மேலே தொடங்கி, முழங்காலை நோக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப் பாதி மூடும்படி சுற்றுங்கள். கீழே சற்று இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் இருக்க வேண்டும். கட்டி முடித்ததும் கால் நகத்தை அழுத்திவிட்டுப் பாருங்கள்: வெளுத்த நகம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பாவிட்டால், கட்டு இறுக்கமாக இருக்கிறது, அவிழ்த்துக் கட்டுங்கள். இரவில் அவிழ்த்துவிட்டுத் தூங்குவது நல்லது. காலை உயர்த்துவது என்றால் நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் வைப்பது போதாது. படுத்துக்கொண்டு, காயம் நெஞ்சின் மட்டத்துக்கு மேலே வரும்படி தலையணைகளை அடுக்க வேண்டும்.

முதல் 2, 3 நாள்களில் வெந்நீர்க் குளியலும், மது அருந்துவதும், ஓடுவதும், காயத்தின் மீதே அழுத்தி நீவி விடுவதும் வேண்டாம். குறிப்பாகத் தொடையில் பலத்த அடி விழுந்திருந்தால், தொடக்கத்திலேயே சூடு வைத்து உருவி விடுவது ரத்தக்கட்டைப் பெரிதாக்கும். அந்த ரத்தக்கட்டு உள்ளே எலும்பு போல் கெட்டிப்பட்டு, மாதக்கணக்கில் தொல்லை தரும் நிலையும் ஏற்படலாம்.

வெந்நீர் ஒத்தடத்துக்கு மாறுவது

புறங்கைச் சோதனையில் இரண்டு பக்கமும் ஒரே வெப்பத்தில் தெரிகின்றன, வீக்கம் முந்தைய நாளைவிடக் கூடவில்லை, காலையில் எழுந்ததும் மூட்டு பிடித்துக்கொண்டு, சற்று அசைத்தால் இளகுகிறது என்ற நிலை வந்ததும் சூட்டைத் தொடங்கலாம். முதல் முறை 10 நிமிடம் மட்டும் வைத்துவிட்டு, ஓரிரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். துடிப்பும் வீக்கமும் கூடியிருந்தால் இன்னும் காலம் வரவில்லை. ஒருநாள் பொறுத்து மறுபடி முயலுங்கள்.

இதமான சூடு என்பதே அளவு. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து வைப்பதாக இருந்தால் நீர் சுமார் 40 டிகிரி செல்சியஸில், மணிக்கட்டின் உள்பக்கத்தில் படும்போது சுகமாகத் தெரிய வேண்டும். 60 டிகிரி நீர் ஒருசில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். 44, 45 டிகிரி சூடுகூட மணிக்கணக்கில் ஓரே இடத்தில் இருந்தால் புண்ணாக்கும். தொடக்கத்தில் வலி தெரியாது என்பதே இதன் ஆபத்து. வெந்நீர்ப் பை பயன்படுத்துவோர் கொதிக்கும் நீரை ஊற்றாமல், கொதித்து ஆறிய நீரை மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, காற்றை வெளியேற்றி, மூடியைத் திருகியபின் தலைகீழாகப் பிடித்துக் கசிவு பார்த்து, துண்டில் சுற்றி வைக்க வேண்டும். பழைய ரப்பர் பையை வளைத்துப் பாருங்கள். நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் அதில் வெந்நீர் ஊற்றவே கூடாது. மைக்ரோவேவில் சூடாக்கும் பைகள் ஒரு மூலையில் கொதித்தும் மறு மூலையில் ஆறியும் இருக்கும். குலுக்கி, எல்லாப் பக்கமும் தொட்டுப் பார்த்த பிறகே உடம்பில் வையுங்கள்.

நேரம் 15 முதல் 20 நிமிடம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. மின்சார ஒத்தடப் பட்டையின் மேல் படுப்பதோ, அதை வைத்தபடி தூங்குவதோ கூடாது. உடல் எடை அழுத்தும் இடத்தில் சூடு வெளியேற வழியின்றித் தேங்கிவிடும். வலி போக்கும் தைலமோ களிம்போ தடவிய இடத்தில் சூடு வைக்காதீர்கள். அவற்றிலுள்ள மெந்தால் போன்ற பொருள்கள் சூடு, குளிர் உணர்வைக் குழப்புவதோடு, சூட்டினால் கூடுதலாகத் தோலுக்குள் இறங்கி எரிபுண் உண்டாக்கும். நாள்தோறும் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் சூடு வைப்பவர்களுக்கு அங்கே வலைப்பின்னல் போல பழுப்பு நிறக் கோடுகள் விழுவதுண்டு. அப்படித் தெரிந்தால் நிறுத்திவிட்டு, வலி ஏன் இன்னும் நீடிக்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சூட்டின் பயன் அது தரும் தளர்வைப் பயன்படுத்திக்கொள்வதில்தான் இருக்கிறது. ஒத்தடம் எடுத்த கையோடு, இளகியிருக்கும் மூட்டை மெல்ல அசையுங்கள். கணுக்கால் என்றால், பெருவிரலால் காற்றில் எழுத்துகளை எழுதுவது போல எல்லாத் திசையிலும் சுழற்றலாம். பின்தொடை என்றால், வலியின் விளிம்பு வரை நீட்டி, 20, 30 விநாடிகள் நிறுத்தி, விடலாம். சூடு வைத்துவிட்டு அசையாமல் படுத்திருந்தால், சில நிமிடங்களில் மூட்டு பழையபடி இறுகிவிடும்.

இடுப்பும் கழுத்தும் பிடித்துக்கொள்ளும்போது நிலைமை சற்று வேறு. வீக்கமோ அடியோ இன்றி, குனிந்து நிமிர்ந்தபோது பிடித்துக்கொண்ட இடுப்புக்குப் பலருக்கும் முதல் நாளிலிருந்தே சூடுதான் இதமாக இருக்கிறது; அதில் தவறில்லை. புதிதாக உடற்பயிற்சி தொடங்கியவர்களுக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடல் முழுவதும் வரும் வலி காயமே அல்ல. அதற்கு எது இதமோ அதை வைத்துக்கொள்ளலாம்.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்

நீரிழிவால் கால்களில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இந்தக் கட்டுரையிலுள்ள பாதி எச்சரிக்கைகள் உதவாது. அவை எல்லாம் வலி தெரியும் என்ற நம்பிக்கையில் சொல்லப்பட்டவை. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் காலில் ஐஸோ வெந்நீரோ வைக்காமல் இருப்பதே பாதுகாப்பு. வீட்டில் மூத்தவர்களுக்கு ஒத்தடம் வைப்பவர், அவர்கள் சூடு தெரியவில்லை என்று சொன்னதும் இன்னும் சூடாக்கிவிடாமல், தம் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தே அளவை முடிவு செய்ய வேண்டும். காலின் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்கள், குளிரில் விரல்கள் வெளுத்து நீலமாகும் ரேனாட் நோய் உள்ளவர்கள், குளிர் பட்டால் தடித்துப்போகும் ஒவ்வாமை உள்ளவர்கள் ஐஸைத் தவிர்க்க வேண்டும். திறந்த புண், சீழ், தோல் தொற்று உள்ள இடத்தில் சூடு வேண்டாம். அடி எதுவும் படாமலேயே ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அதற்கு ஒத்தடமும் கூடாது, நீவுவதும் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்றாம், நான்காம் வாரத்தில்

வழக்கமான நடை திரும்பிய பிறகு, பயிற்சிக்கு முன் 10 நிமிடம் சூடு, பயிற்சிக்குப் பின் வீக்கமோ துடிப்போ வந்தால் மட்டும் ஐஸ் என்று வைத்துக்கொள்ளலாம். பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு முறையும் ஐஸ் தேவைப்படுகிறது என்றால், பயிற்சியின் அளவு கூடுதலாக இருக்கிறது. ஒத்தடத்தைக் கூட்டாமல் பயிற்சியைக் குறையுங்கள். கணுக்கால் சுளுக்கியவர்கள் சுவரருகே நின்று, அடிபட்ட காலில் மட்டும் நிற்கப் பழக வேண்டும். 30 விநாடி தடுமாறாமல் நிற்க முடிந்ததும், கண்ணை மூடிக்கொண்டு அதையே செய்து பாருங்கள். சுளுக்கில் ஜவ்வோடு சேர்ந்து சமநிலை உணர்வும் பழுதாவதால், இந்தப் பயிற்சியைத் தவிர்ப்பவர்களுக்கு அதே கால் திரும்பத் திரும்ப மடங்குகிறது. 6 வாரம் கடந்தும் சமமான தரையில் நடக்கும்போதே கால் இடறினாலோ, மாலையானால் கணுக்கால் வீங்கினாலோ பிசியோதெரபிஸ்டிடமோ எலும்பு மருத்துவரிடமோ காட்டுங்கள். எப்போது அடிபட்டது, அப்போது நடக்க முடிந்ததா, வீக்கம் எத்தனை நாளில் வற்றியது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அவர்களுக்குப் பாதி வேலை குறையும்.